ஒட்டுப் போடுவது குற்றமா?

பழுதான பொருளை அதன் சொந்தக்காரன் தொடக் கூடாது என்று ஒரு புதிய ஆசாரம் நம்மிடையே பரவியிருக்கிறது. பழைய ஆசாரங்களையெல்லாம் மூட நம்பிக்கை என்று ஒதுக்கித் தள்ளிய கனவான்கள்தாம் இதை மிகுந்த பக்தி சிரத்தையோடு அனுஷ்டிக்கிறார்கள். கைக்கடிகாரம் நின்றுபோனால் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். செல்போனில் பாட்டரி செத்தால் புதுப் போன் வாங்க வேண்டும். காமிரா கீழே விழுந்தால், விழுந்த கோலத்திலேயே துணியில் சுற்றி எடுத்துப்போய், சர்வீஸ் சென்டரின் சந்நிதியில் வைத்துவிட்டுக் கைகட்டி நிற்க வேண்டும். நடுவில் யாராவது ஒரு திருப்புளியைக் கையில் எடுத்தானோ, போச்சு! தீட்டுப் பட்டுவிட்டது. பிறகு கம்பெனி அதைத் திரும்பிப் பார்க்காது.

இந்த ஆசாரத்தை நான் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன். ஏன் மறுக்கிறேன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். எல்லாப் பொருள்களையும் பற்றிப் பேசப் புகுந்தால் பேச்சு வளர்ந்துவிடும். ஆகையால் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: தூரத்துப் பொருளைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும் டெலிபோட்டோ லென்ஸ். கதை எழுதுகிறவனுக்கு லென்ஸைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். பறவைகளைப் படமெடுக்கும் நண்பர் ஒருவரோடு பத்து வருஷமாக ஏரிக்கரைகளில் மூட்டை சுமந்து திரிந்தவனுக்குத் தெரிய வேண்டிய அளவு தெரியும். மேலும், ஒட்டுப் போடலாமா கூடாதா என்ற தகராறு மற்றச் சாமான்களைக் காட்டிலும் இதில்தான் தெளிவாக விளங்குகிறது. ஏனென்றால் இது பெரும்பாலும் கடைத்தெருவில் உடைவதில்லை. காட்டிலும் குளக்கரையிலும்தான் உடைகிறது.

முதலில் அது ஏன் உடைகிறது என்று பார்த்துவிடுவோம். இந்த லென்ஸில் ஒளியைக் குவிக்கும் கண்ணாடிக் கூட்டம் முன்னால் இருக்கும். அதைச் சற்றே விரிக்கும் கூட்டம் பின்னால் இருக்கும். இந்தத் தந்திரத்தால் 600 மில்லிமீட்டர் குவிதூரமுள்ள லென்ஸ் 600 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டியதில்லை. 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டால்மேயரும், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைலும் மீத்தேயும் தனித்தனியே இதைக் கண்டு சொன்னார்கள். ஆனால் எவ்வளவு குறுக்கினாலும் அது நீளம்தான், கனம்தான். இரண்டு கிலோ என்பது சாதாரணம். ஸ்டாண்டில் நிற்கும்போது லென்ஸின் நடுவிலுள்ள பட்டை அந்தக் கனத்தைத் தாங்கிக்கொள்ளும். விழும்போது யார் தாங்குவது? காமிராவும் லென்ஸும் சேரும் இடத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் உலோக வளையம் இருக்கிறது. அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவை எள்ளுப் போன்ற சில திருகாணிகள். உலக்கையை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தத் திருகாணிகள் படும் பாடு தெரியும். பல லென்ஸ்களில் அவை இறங்கியிருப்பது பிளாஸ்டிக்கில். மரை பிய்த்துக்கொண்டு வராமல் என்ன செய்யும்?

சில வருஷங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதம், திருநெல்வேலிச் சீமையிலுள்ள கூந்தன்குளத்தில் அப்படித்தான் வந்தது. என் நண்பர் ஒரு சித்திர வாத்தியார். வருஷந்தோறும் அதே வாரத்தில் அங்கே போய், குளத்துக்குள் நிற்கும் அதே மரத்தைப் படமெடுத்து, அதிலுள்ள நாரைக் கூடுகளையும் குஞ்சுகளையும் எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது அவர் வழக்கம். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. ஒன்பது வருஷக் கணக்கு அதில் இருந்தது. பத்தாவது வருஷம், முதல் படம் எடுப்பதற்கு முன், ஓர் ஆட்டுக்குட்டி ஸ்டாண்டின் காலில் முதுகைச் சொறிந்துகொண்டது. லென்ஸ் மல்லாந்து விழுந்தது. வளையத்தின் நான்கு திருகாணிகளில் மூன்று பிய்ந்துவிட்டன. காமிராவையும் லென்ஸையும் இணைக்கும் பட்டை நரம்பு ஒன்று உள்ளே ஓடுகிறது. நல்ல வேளையாக அது அறுபடவில்லை.

ஆசாரப்படி நடப்பதென்றால் நாங்கள் அங்கேயே மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து லென்ஸ் சரியாகித் திரும்பி வரும். குஞ்சுகள் அதுவரை குஞ்சுகளாகவே காத்திருக்குமா? கணக்கில் ஒரு வருஷம் விடுபட்டால், விடுபட்டதுதான். நண்பர் லென்ஸைத் துணியில் பொதிந்துகொண்டு ஊருக்குள் இருந்த சைக்கிள் கடைக்கு நடந்தார்.

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி இது, துப்பாக்கி கணக்கா இருக்கு?” என்றார். பிறகு வளையத்தை ஆட்டிப் பார்த்துவிட்டு, “மரை போயிட்டு. கெட்டுனா நிக்கும். ஆனா கனத்த இது மேல விடப்பிடாது, பாத்துக்கிடுங்க” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுவதும் அடங்கிவிட்டது. பொறியியல் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தவரும் இதற்கு மேல் என்ன சொல்லியிருக்க முடியும்?

பிய்ந்த துளைகளில் பருத்தி நூலை ஓரிழை வைத்துத் திருகாணிகளைத் திரும்ப இறக்கினார். மரை நூலைக் கவ்விக்கொண்டது. ஒரு பக்கம் மயிரிழை தாழ்ந்திருந்தது. சிகரெட் பெட்டியின் உள்தாளில் ஒரு கீற்றுக் கிழித்து அங்கே அடியில் கொடுத்தார் நண்பர். அதன் மேல் பழைய சைக்கிள் ட்யூப்பில் வெட்டிய ரப்பர்ப் பட்டை. அதற்கு மேல் கறுப்பு டேப். குளக்கரைக்குத் திரும்பி, ஒரு சாக்கில் மணலை நிரப்பி, லென்ஸையும் காமிராவையும் சேர்த்து அதன் மேல் படுக்க வைத்தோம். வளையத்தின் மேல் கனம் இறங்கவில்லை. ஒளி புகும் துவாரத்தை 11 என்ற எண்ணுக்குச் சுருக்கி, தூரத்துக் கோயில் மதிலைப் படமெடுத்து, நான்கு மூலையும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு மரத்தைப் படமெடுத்தார். பத்தாவது வருஷக் கணக்கு நோட்டுப் புத்தகத்தில் ஏறியது.

ஊர் திரும்பியதும் லென்ஸ் சர்வீஸ் சென்டருக்குப் போயிற்று. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். “சார், இத வெளில யாரோ பிரிச்சிருக்காங்க. இனிமே ரிப்பேர் பண்ண முடியாது. பின்பாகத்த முழுசா மாத்தணும்.” அதற்கு அவர் சொன்ன தொகை லென்ஸின் விலையில் பாதிக்கு மேல். “அந்த வளையத்தைத் தாங்கும் துண்டு மட்டும் கொடுங்கள், நாங்களே போட்டுக்கொள்கிறோம்” என்றார் நண்பர். “தனியா விக்கறதில்ல சார்.” அவ்வளவுதான். கடைசியில் ஒரு சந்துக்குள் இருந்த பழைய காமிரா ரிப்பேர்க்காரர்தான் காரியத்தை முடித்தார். கழற்றும் ஒவ்வொரு துண்டையும் காகிதத்தில் படம் போட்டு வைத்துக்கொண்டார். பித்தளையில் கடுகளவு குழல்கள் கடைந்து துளைகளில் இறக்கிப் புதிய மரை வெட்டினார். அந்த லென்ஸ் இன்றும் வேலை செய்கிறது.

இனி எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருகிறேன். அவர்கள் சொல்வதில் பலமான வாதம் ஒன்று உண்டு. லென்ஸ் நுட்பமான சாதனம். வளையத்துக்கும் படம் விழும் தளத்துக்கும் உள்ள தூரம் ஒரு வகைக் காமிராவில் 44 மில்லிமீட்டர், இன்னொரு வகையில் 46.5 மில்லிமீட்டர் என்று திட்டமாக வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு பிசகினாலும் படம் கெடும். சைக்கிள் கடையில் இதையெல்லாம் அளக்க முடியுமா? முடியாது. வாஸ்தவம். ஆனால் கூந்தன்குளத்தில் எங்கள் முன் இருந்த கேள்வி, நூலும் ரப்பரும் தொழிற்சாலைக்கு ஈடாகுமா என்பதல்ல; இன்றைக்குப் படம் உண்டா இல்லையா என்பது. துவாரத்தைச் சுருக்கினால் தெளிவின் ஆழம் கூடுகிறது. சிறிய கோணலை அது விழுங்கிவிடுகிறது. கால் முறிந்தவனுக்கு வழியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதை எந்த வைத்தியரும் குற்றம் என்று சொல்வதில்லை. கட்டியவனைத் திட்டிவிட்டு, “கட்டுப் போட்ட காலுக்கு நான் வைத்தியம் பார்க்க மாட்டேன்” என்று ஒரு டாக்டர் சொன்னால் அவரை நாம் என்னவென்று சொல்வோம்?

நுட்பத்தின் பேரில் சத்தியம் செய்கிறவர்களுக்கு மா. கிருஷ்ணனை நினைவூட்ட விரும்புகிறேன். நாவல் படிக்கிறவர்களுக்கு அவர் அந்நியரல்ல. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். 1950 முதல் சாகும்வரை கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்களுக்கு இணை சொல்வது கடினம். அவர் எந்தக் கம்பெனியின் சமீபத்திய மாடலை வைத்திருந்தார்? இ. பி. கீ என்ற இயற்கை நூலாசிரியர் பந்திப்பூரில் அவருடைய சாதனத்தைக் கண்டு, 1964-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் வேடிக்கையாக வர்ணித்திருக்கிறார். உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற உறுப்புகள் வேறெங்கிருந்தோ. எல்லாவற்றையும் கிருஷ்ணனே தம் கையால் சேர்த்துப் பொருத்தியிருந்தார். அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். இன்றைய ஆசாரப்படி அது முழுக்க முழுக்கத் தீட்டுப்பட்ட காமிரா. வாரண்டி என்ற சொல்லை அதன் பக்கத்தில் உச்சரிக்கக்கூட முடியாது. ஆனால் அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தபோது, “இந்தப் படங்களை எடுத்த கருவியை யாரோ பிரித்திருக்கிறார்கள்” என்று எவரும் ஆட்சேபிக்கவில்லை.

இன்று ஒரு கிருஷ்ணன் அப்படிச் செய்ய முடியுமா? இங்கேதான் என் கோபம் பிறக்கிறது. பழைய லென்ஸில் நீங்கள் வளையத்தைத் திருகினால், மரையின் மேல் கண்ணாடி முன்னும் பின்னும் நகரும். உங்கள் விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பித்தளையைத் தவிர வேறொன்றும் இல்லை. புதிய லென்ஸ்கள் பலவற்றில் அந்த வளையம் கண்ணாடியோடு சேர்ந்திருக்கவே இல்லை. நீங்கள் திருகுவது ஒரு விண்ணப்பம். அதை ஒரு மின்சுற்று வாங்கி, மோட்டாருக்கு அனுப்பி, மோட்டார் மனமிரங்கினால் கண்ணாடி நகரும். உள்ளே அந்தப் பட்டை நரம்பு அறுந்துவிட்டால், வளையத்தை விடியவிடியத் திருகினாலும் கண்ணாடி அசையாது. இதனால் வேகமும் கூர்மையும் கிடைத்திருக்கின்றன. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு விலையாக எதைக் கொடுத்தோம் என்பதைக் கடையில் யாரும் நமக்குச் சொல்வதில்லை. சாதனம் பூட்டப் பூட்ட, சாவியாவது நம்மிடம் இருக்க வேண்டாமா? உள்ளமைப்பை விளக்கும் புத்தகமும் உதிரிப் பாகங்களும்தான் அந்தச் சாவி. அவற்றைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து மறைக்கிறார்கள். நிக்கான் கம்பெனி 2012-ல் அமெரிக்காவில் வெளிக்கடைகளுக்கு உதிரிப் பாகம் விற்பதை நிறுத்தியது. 2020 மார்ச்சோடு, தானே அங்கீகரித்திருந்த தனியார் ரிப்பேர்க் கடைகளின் ஏற்பாட்டையும் அங்கே முடித்துக்கொண்டது. நல்ல லென்ஸ் செய்கிறவர்கள்தாம், சந்தேகமில்லை. ஆனால் நல்ல வீடு கட்டிக் கொடுத்தவன் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டால், விலை கொடுத்தவன் வீட்டுக்காரனா, குடித்தனக்காரனா?

என் கட்சியில் சேர்ந்துகொண்டு என்னைச் சங்கடப்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. எதையாவது கயிற்றால் கட்டிவிட்டால், “பார், நம் ஆளின் மூளையை!” என்று மார்தட்டும் ரகம். ஒட்டுவேலை நமக்கென்று கடவுள் கொடுத்த தனி வரம் என்பது இவர்கள் எண்ணம். லென்ஸில் கீறல் விழுந்தால் பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்பவர்கள் இவர்கள்தாம். பற்பசை கீறலை எடுப்பதில்லை. கண்ணாடியின் மேலுள்ள மெல்லிய பூச்சைத்தான் எடுத்துவிடுகிறது. பிளந்த இடத்தில் உடனடிப் பசையைப் பீச்சுகிறவர்களும் இவர்களே. அந்தப் பசையின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து, விழுந்தபோது பிழைத்த லென்ஸை ஒட்டியபோது கொன்றுவிடுகிறது.

அறிந்து போடும் ஒட்டுக்கும் அறியாமல் போடும் ஒட்டுக்கும் உள்ள பேதத்தைக் காட்டச் சந்திரனிலேயே இரண்டு உதாரணங்கள் உண்டு. 1969 நவம்பரில் அப்பல்லோ 12-ல் போனவர்களின் டெலிவிஷன் காமிரா தற்செயலாகச் சூரியனைப் பார்த்துவிட்டது. உள்ளேயிருந்த குழல் கருகிப் போயிற்று. ஆலன் பீன் அதைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். நம் வீட்டு ரேடியோவைத் தட்டியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ஆனால் கருகிய குழல் தட்டினால் பிழைக்காது, பிழைக்கவில்லை. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17-ல் இன்னொரு சுத்தியல். யூஜீன் செர்னன் காலருகே பையில் வைத்திருந்த அது மாட்டி, சந்திரனில் ஓட்டும் வண்டியின் பின்சக்கர மட்கார்டு பிய்ந்தது. மட்கார்டு இல்லாவிட்டால் சந்திரனின் புழுதி மனிதர் மேலும் கருவிகள் மேலும் மழையாகப் பொழியும். அந்தப் புழுதி அரம்போல் அராவும், பாட்டரிகளைச் சூடேற்றும். முதலில் டேப் ஒட்டினார்கள், அது கழன்றுவிட்டது. இரவு பூமியில் இருந்தவர்கள் யோசித்து, செய்து பார்த்து, வழி சொன்னார்கள். மறுநாள் நான்கு நிலப்படத் தாள்களை டேப்பால் சேர்த்து ஒட்டி, விண்கலத் தொலைநோக்கியின் விளக்கைப் பிடிக்கும் கவ்விகளைக் கழற்றி, அந்தத் தாள்களை மட்கார்டாகப் பொருத்தினார்கள். மிச்ச ஓட்டம் முழுவதும் அது நின்றது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டாவது ஒட்டைப் போட்டவர்களுக்கு வண்டியின் ஒவ்வோர் ஆணியும் தெரியும். அதைச் செய்தவர்கள் எதையும் அவர்களிடமிருந்து மறைத்து வைக்கவில்லை. ஆகவே, ‘தெரியாதவன் கை வைத்தால் கெடும்’ என்று சொல்லும் கம்பெனிக்கு என் பதில் இது: தெரியாதவனாக எங்களை வைத்திருப்பது யார்?

தெரிந்துகொள்ள வேண்டியவை மலைபோல் இல்லை. நண்பரிடமும் அந்த ரிப்பேர்க்காரரிடமும் நான் கேட்டறிந்தவற்றில் சில சொல்கிறேன். விழுந்த லென்ஸில் முதலில் கனத்தை எடுத்துவிட வேண்டும். பிறகு நரம்பு அறுந்ததா என்று பார்க்க வேண்டும். முன்கண்ணாடியில் கீறல் விழுந்தால் பதற வேண்டாம். டெலிபோட்டோவில் அது படத்தில் பெரும்பாலும் தெரியாது. வெளிச்சம் சிதறாமல் இருக்கக் கீறலில் மட்டும் கறுப்பு மையைத் தொட்டு வைத்தால் போதும். பின்கண்ணாடியில் விழுந்த கீறல்தான் படத்தில் வந்து உட்காரும். ஜப்பான் லென்ஸ்களின் திருகாணித் தலை நம் சாதாரண நட்சத்திரத் திருப்புளிக்குச் சேர்ந்தது போலத் தோன்றும், சேராது. அதற்கென்று உள்ள திருப்புளியை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளாவிட்டால் தலை வழுக்கி மழுங்கிவிடும். ஃப்ளாஷ் உள்ள காமிராவின் உடலை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பாட்டரியை எடுத்த பிறகும் அதனுள் சில நூறு வோல்ட் மின்சாரம் பதுங்கியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டியதை அவிழ்க்க முடிய வேண்டும். நூலும் ரப்பரும் டேப்பும் அவிழும், பசை அவிழாது.

இவ்வளவும் ஒரு சிறு புத்தகத்தில் பத்துப் பக்கம் வரும். லட்ச ரூபாய் லென்ஸோடு நமக்குக் கொடுக்கும் புத்தகத்திலோ, எதையெல்லாம் செய்யக் கூடாது என்று பல பாஷைகளில் அச்சடித்திருக்கிறார்கள். வளையத்தை எந்தத் திருகாணி பிடித்திருக்கிறது என்று ஒரு பாஷையிலும் இல்லை.

நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாசலும் திறந்தார்கள். விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகச் சாமான், மோட்டார் வண்டி என்று நான்கு துறைகளைக் கொண்டு ஆரம்பித்தார்கள். நல்ல ஆரம்பம்தான். காமிராவுக்கென்று அதில் தனி இடம் இல்லை என்பதைவிட, இப்படி ஓர் உரிமை தமக்கு உண்டு என்பதே வாங்குகிறவர்களுக்குத் தோன்றவில்லை என்பதுதான் என் வருத்தம். கேட்காத உரிமையை எந்தச் சர்க்காரும் வீடு தேடி வந்து கொடுக்காது. இதற்கிடையில் அந்தச் சந்து ரிப்பேர்க்காரரைப் போன்றவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டிவருகிறார்கள். பாகமும் கிடைக்காமல், புத்தகமும் கிடைக்காமல், காகிதத்தில் படம் போட்டே எத்தனை நாள் தொழில் நடத்துவது? அவர்கள் பிள்ளைகள் அந்த வேலைக்கு வரவில்லை. கை போய்விட்டால், பிறகு கம்பெனியே மனமிரங்கிப் பாகங்களைக் கொடுத்தாலும் போடுவதற்கு ஆள் இராது.

நான் கேட்பது சலுகை அல்ல. கம்பெனியின் தொழில் ரகசியத்தையும் கேட்கவில்லை. கண்ணாடியை எப்படி உருக்குகிறார்கள், எப்படிப் பூச்சுப் பூசுகிறார்கள் என்பதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நான் கேட்பது ஒரு வளையமும் அதைப் பிடிக்கும் நான்கு திருகாணிகளும், அவற்றைக் கழற்றி மாட்டும் விதத்தைச் சொல்லும் ஒரு காகிதமும். இவற்றை நியாயமான விலைக்கு விற்கட்டும், வாங்கிக்கொள்கிறோம். வழியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவனைக் குற்றவாளியாகப் பார்க்காமல் இருக்கட்டும்.

அடுத்த முறை காமிராவோ, கடிகாரமோ, மாவரைக்கும் இயந்திரமோ எதை வாங்கப் போனாலும், எத்தனை வருஷம் வாரண்டி என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். “இதை நான் திறக்கலாமா? திறந்தால் பாகம் கிடைக்குமா?” என்றும் கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அவர் கம்பெனிக்கு எழுதுவார். நூறு பேர் கேட்டால், விழிப்பது கம்பெனியின் முறையாகிவிடும்.